இரும்பானை இறங்கிய வயல்

ராஜாத்தி மூன்று மாதம் உயிரைக் கொடுத்து உருவாக்கிய வயலில், சிங்கப்பூரிலிருந்து வந்த வீரையன் மூன்றே நிமிடத்தில் யானையை இறக்கிவிட்டார்.

நிஜ யானை இல்லை, கணினி விளையாட்டில் வரும் யானை. ராஜாக்கள் காலத்து நாடு ஒன்று. அங்கே கொல்லர்கள் இரும்பில் வார்த்து, முதுகில் சூரியத் தகடு பதித்து, வயிற்றுக்குள் பல்சக்கரங்களை ஓடவிட்ட இரும்பானை அது. ஆட்டக்காரர் அதன்மேல் ஏறிப் போய், உடைந்து கிடக்கும் மதகின் கதவைத் துதிக்கையால் தூக்கி, கடைமடை ஊருக்குத் தண்ணீர் விட வேண்டும். அதுதான் ஆட்டம். மதகு வயல்வெளிக்கு அந்தப் பக்கம் இருந்தது. வீரையன் வரப்பைப் பார்க்கவில்லை, வாய்க்கால் கரையைப் பார்க்கவில்லை. மூக்குக்கு நேராக ஓட்டினார். பச்சைப் பயிரில் யானை முதல் காலை வைத்தது. அடுத்த நொடி அப்படியே பூமிக்குள் புகுந்து, அடியில் ஒன்றுமே இல்லாத நீல வெளியில் தலைகீழாக உருண்டுகொண்டே போனது. போய்க்கொண்டே இருந்தது.

தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தவர் மங்களாம்பிகை. விளையாட்டை வாங்கி உலகம் முழுக்க வெளியிடப்போகிற சென்னை நிறுவனத்தின் அதிகாரி. துபாயில் பத்து வருடம் இதே தொழில் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, கையிருப்பையெல்லாம் போட்டு இந்த அலுவலகத்தைத் தொடங்கியிருந்த கலந்தர், நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ராஜாத்திக்கு மட்டும் கோபம் வந்தது.

"என்ன சார், பயிருக்குள்ள எறங்கிட்டீங்க?"

வீரையன் தாடியைச் சொறிந்துகொண்டு அவளைப் பார்த்தார். உலகத்தில் வெளிவரப்போகிற விளையாட்டுகளை முன்கூட்டியே விளையாடி, எங்கே உடைகிறது என்று சொல்வது அவர் தொழில். நாற்பது வயதில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"எறங்கக் கூடாதா? எங்கயும் சொல்லலையே."

அதைச் சொல்ல வேண்டுமா என்றுதான் ராஜாத்திக்குத் தோன்றியது. பிறகுதான் தன் தவறு அவளுக்கு உறைத்தது. வரப்புக்குத் தரை போட்டிருந்தாள். வாய்க்கால் கரைக்கு, களத்துக்கு, மாட்டுவண்டித் தடத்துக்கு, எல்லாவற்றுக்கும் தரை போட்டிருந்தாள். பயிருக்கு அடியில் மட்டும் போடவில்லை. மறந்துவிட்டாள் என்றுகூடச் சொல்ல முடியாது. நின்ற பயிரில் ஒருவர் கால் வைப்பார் என்கிற எண்ணமே அவள் தலைக்குள் வந்ததில்லை. அலுவலகத்தில் இருந்த ஐந்து பேரும் டெல்டாக்காரர்கள். முன்கூட்டி ஆடிப் பார்க்க வந்த நாற்பத்திரண்டு பேரும் ஒரத்தநாடு, பாபநாசம், பூதலூர் என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். மூன்று மாதத்தில் ஒருவர், ஒரே ஒருவர்கூட அந்த வயலில் இறங்கவில்லை. பின்னால் பூதம் துரத்திக்கொண்டு வந்தாலும் வரப்பில் வளைந்து வளைந்துதான் ஓடினார்கள். பிடிபட்டுச் செத்தார்கள், பயிரை மிதிக்கவில்லை. இப்படி ஒரு தவறை இந்த மண்ணில் பிறந்தவர்கள்தான் செய்ய முடியும்.

மங்களாம்பிகை சிரிப்பை நிறுத்திவிட்டுக் காரியத்துக்கு வந்தார். "ராஜாத்தி, தப்பா எடுத்துக்காதீங்க. ராஜா காலத்துக் கதையில மெஷின் வர்றது புதுசில்ல. ஆனா அப்படிக் கலந்தா எரிமலை இருக்கணும், கோட்டை இருக்கணும், நெருப்பு பறக்கணும். நீங்க என்னடான்னா இவ்ளோ பெரிய யானையக் கொண்டாந்து நெல்லு வயல்ல நிறுத்தறீங்க. ரெண்டும் ஒட்டலையே."

"ஏன் ஒட்டாது மேடம்? திருவாரூர்த் தேரைப் பாத்திருக்கீங்களா? ராஜா காலத்துத் தேரு. பின்னாடி நின்னு தள்றது புல்டோசர். வடம் புடிக்கிற யாருக்கும் அது ஒட்டாத மாதிரித் தெரியல. கல்லணை யாரு கட்டுனது? மேல ஏறி எறங்குற ஷட்டரு எந்தக் காலத்துது? எங்க ஊர்ல எல்லாம் கலந்துதான் கெடக்கு."

கலந்தர் தொண்டையைச் செருமினார். போதும், நிறுத்து என்று அதற்கு அர்த்தம்.

மங்களாம்பிகை கோபப்படவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான். பத்து நாள் கெடு வைத்தார். இதே வீரையனை மறுபடி கூட்டிவருவார். வயல் கட்டத்தை அவர் சலிப்பில்லாமல் விளையாடி முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அந்தக் கட்டம் மொத்தமும் நீக்கப்படும், அந்த இடத்தில் எரிமலை வரும். "யானை பயிரை மிதிச்சு நாசம் பண்றதையே ஜாலியா ஆக்கிடுங்களேன். பறந்து தெறிக்கட்டும். ஆட்டக்காரங்களுக்கு அது ரொம்பப் புடிக்கும்" என்று போகிற போக்கில் யோசனையும் சொல்லிவிட்டுப் போனார்.

ராஜாத்தி அந்த யோசனையைக் குறித்துக்கொள்ளவில்லை.

அவள் வரைந்திருந்தது ஏதோ ஒரு வயல் இல்லை. பூம்புகாருக்கு மேற்கே, காவிரித் தண்ணீர் எல்லா ஊருக்கும் பாய்ந்து முடித்துக் கடைசியாக எட்டிப் பார்க்கிற கீழப்படுகையில், அவள் வீட்டுக்குச் சொந்தமான மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம் அது. அவளுடைய தாத்தா அதே நிலத்தில் பண்ணையாளாகக் கிடந்தவர். உச்சவரம்புச் சட்டத்தில் பெரிய பண்ணை உடைந்தபோது அந்தத் துண்டு அவர் பெயருக்கு வந்தது. வந்தது என்று சொல்வது லேசு. பட்டா கைக்கு வரப் பதினோரு வருடம், நான்கு தாசில்தார், இரண்டு ஆட்சி. இரண்டு கட்சிக் கொடிக்காரர்களும் அந்த நிலத்தைத் தாங்கள்தான் வாங்கிக் கொடுத்ததாக இன்றைக்கும் மேடையில் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். ஆறு வருடம் முன்பு எரிவாயுக் குழாய் பதிக்கிறோம் என்று ஒரு நிறுவனம் நின்ற பயிரில் பொக்லைனை இறக்கியபோது, அதே இரண்டு கொடிகளும் ரோட்டில் உட்கார்ந்து கோஷம் போட்டன. அப்போது ராஜாத்தி கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். பரீட்சை நடந்துகொண்டிருந்தது. வேலை நின்றுபோனதைச் செய்தியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

பத்து நாளில் முதல் நான்கு நாள் வீணாய்ப் போயின. வயலைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்றை எழுப்பச் சொன்னார் கலந்தர். அரை மணி நேர வேலை. எழுப்பினாள். யானை போய் முட்டிக்கொண்டு நின்றது. பார்த்துவிட்டு அவளே அழித்தாள்.

"ஏன் அழிச்ச? நல்லாத்தானே இருந்துச்சு?"

"எந்த வயலுக்குண்ணே செவரு இருக்கு?"

மிதித்தால் புள்ளி குறையும் என்று வைத்துப் பார்த்தாள். அபராதம் கட்டிவிட்டு மிதிக்கலாம் என்றாகிவிட்டது அது. மிதித்தால் ஆட்டக்காரர் செத்துப்போவார் என்று வைத்தாள். அது அதைவிடப் பொய்யாக இருந்தது. பயிரை மிதித்தவன் யார் செத்தான்? கடைசியில் பயிருக்கு அடியில் தரை போட்டு, தரைக்குமேல் முழங்கால் ஆழத்துக்குச் சேறு போட்டாள். யானை இப்போது விழவில்லை. இறங்கி மிதித்தது, பயிர் சேற்றில் புதைந்தது, நீளமாக ஒரு தடம் விழுந்தது. அதற்குப் பிறகு என்ன நடக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

தடத்தின் ஆழமாவது சரிதானா என்று பார்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பஸ் ஏறினாள்.

அம்மா பூவம்மாள் வாசலில் உட்கார்ந்து அரிவாளுக்குப் புதுப் பிடி போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்தைந்து வயது. கீழப்படுகையில் நடவுக்குப் போகிற இருபது பெண்களைச் சேர்த்துக் கூட்டிப்போகிறவள் அவள்தான். பேச்சு குறைவு, நடை வேகம்.

"அம்மா, அன்னிக்கு நம்ம வயல்ல பொக்லைன் எறங்குச்சுல்ல, தடம் எவ்வளவு ஆழம் இருந்துச்சு?"

"மொழங்காலுக்கு மேல. ரெண்டு பக்கமும் பட்டை பட்டையா. எதுக்குடி?"

"ஒரு வேலைக்கு. அந்தத் தடம் எத்தன நாளு அப்படியே கெடந்துச்சு?"

"நாளா? அது எங்க கெடந்துச்சு. அன்னிக்கே நட்டுட்டமே."

ராஜாத்தி நிமிர்ந்து பார்த்தாள். "என்னது?"

"ஒரு ஓட்டம் ஓட்டிட்டு மணி ஒண்ணாச்சுன்னு சாப்பிடப் போயிட்டாங்க. போலீசும் நெழலுக்குப் போயிடுச்சு. ஆம்பளைங்கல்லாம் ரோட்டுல கோஷம் போட்டுக்கிட்டு இருந்தாங்க. நாத்தங்கால் மூலையில மிச்ச நாத்து கெடந்துச்சு, பயிரு செத்த எடத்துல வைக்கிறதுக்கு எப்பவும் விட்டு வைப்பம்ல, அது. பறிச்சோம். தடத்தக் காலால மிதிச்சு நெரவுனோம். நட்டோம்."

"யாரு நடச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? பயிரு போயிருக்கு, கையில நாத்து இருக்கு. நட வேண்டியதுதானே." பூவம்மாள் பிடியைத் தட்டி இறுக்கினாள். "வண்டி ஓட்டுறவன் வந்து பாத்தான். தடத்தக் காணும். மறுபடி ஏறி ஒரு ஓட்டம் ஓட்டுனான். நாங்க பின்னாடியே எறங்கி நட்டுக்கிட்டே போனோம். மூணாந்தடவ பாதியில வண்டிய நிறுத்திட்டு எறங்கி வந்துட்டான். தர்மபுரிப் பக்கத்துப் புள்ள. 'எங்கூட்லயும் வயலு இருக்குதும்மா, இனி என்னால ஆவாது'ன்னு சாவியக் கொண்டுபோய் மேஸ்திரிகிட்ட குடுத்துட்டு, ரோட்டப் பாத்து நடந்துட்டான். வேற ஆளு புடிக்க நாலு நாளு ஆச்சு அவனுவளுக்கு. அதுக்குள்ள கோர்ட்டுல தடை வந்துடுச்சு."

ஆறு வருடமாக ஊரில் அந்தப் போராட்டத்தைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. ரோட்டில் உட்கார்ந்தவர்களுக்குப் பாராட்டு விழா நடந்தது, சால்வை போட்டார்கள், போஸ்டர் ஒட்டினார்கள். அத்தனை பேச்சிலும் இது ஒரு வரிகூட வந்ததில்லை.

"ஏம்மா இத இத்தன வருசமா சொல்லல?"

"எத?"

"நட்டத!"

"இதுல சொல்ல என்னடி இருக்கு? போராட்டம் அவங்க பண்ணுனாங்க. நாங்க வேலதானே பாத்தோம்."

சொல்லிவிட்டு அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ராஜாத்தி அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் மேல் கோபம் வந்தது, ஊரின் மேல் கோபம் வந்தது, பரீட்சை எழுதிக்கொண்டிருந்த தன் மேலும் வந்தது. எல்லாக் கோபத்துக்கும் அடியில் நெஞ்சு நிமிர்ந்துகொண்டது. இருபது பெண்கள் சேர்ந்து ஒரு வார்த்தை பேசாமல் ஒரு இயந்திரத்தை நிறுத்தியிருக்கிறார்கள், நிறுத்தியது தாங்கள்தான் என்றுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கு அதை உலகத்துக்கே சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல ஒரு இரும்பானையும் அவளிடம் இருந்தது.

அன்றைக்கே கலந்தருக்குப் போன் போட்டாள். அவர் கேட்டு முடித்ததும் "உடம்புல கட்டுற கருவிய எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலையில நானே வர்றேன்" என்றார்.

மனிதர்கள் அசைவதை அப்படியே கணினிக்குள் கொண்டுபோகிற கருவி அது. மணிக்கட்டில், முழங்கையில், இடுப்பில், முழங்காலில் பட்டை பட்டையாகக் கட்ட வேண்டும். வீரசூரர்கள் வாள் சுழற்றுவதைப் பதிவு செய்வதற்காகக் கலந்தர் வாங்கி வைத்திருந்தார். மறுநாள் கீழப்படுகையில் அதை ஆறு பெண்களின் சேலைக்கு மேல் கட்டினார்.

"ஏந்தம்பி, பொங்கலுக்கு மாட்ட ஜோடிக்கிற மாதிரிக் கட்டுறீங்களே" என்றாள் பூவம்மாள். மற்றவர்கள் சிரித்த சிரிப்பில் இரண்டு பேருக்குப் பட்டை அவிழ்ந்து மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

சேற்றில் இறங்கியதும் சிரிப்பு நின்றது. ஆறு முதுகுகள் ஒன்றாகக் குனிந்தன. இடது கையில் நாற்றுமுடி, வலது கைக் கட்டைவிரல் சேற்றில் இறங்கி ஏறுகிறது, கால் ஒரு எட்டுப் பின்னால் போகிறது. கலந்தர் வரப்பில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, திரையில் ஓடுகிற கோட்டு உருவங்களைப் பார்த்தார். வாள் வீச்சைப் பதிவு செய்தபோது நூறு இடத்தில் திருத்த வேண்டியிருந்தது. இதில் திருத்த ஒன்றும் இல்லை. "இவ்வளவு சுத்தமான அசைவ நான் துபாய்லகூடப் பாத்ததில்ல" என்று அவர் சொன்னதை ராஜாத்தி அம்மாவிடம் போய்ச் சொன்னாள். "அந்தத் தம்பிக்கு மோர் குடு, வெயில்ல நிக்கிது" என்றாள் அம்மா.

பத்தாம் நாள் காலையில் மங்களாம்பிகையும் வீரையனும் வந்தார்கள். ஆட்டக்காரரிடம் யாரும் பேசக் கூடாது, குறிப்புக் கொடுக்கக் கூடாது. அது இந்தத் தொழிலில் விதி. ராஜாத்தி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

வீரையன் யானையை நேராக வயலுக்குள் விட்டார். விழப்போகிறது என்று எதிர்பார்த்திருக்க வேண்டும், விழவில்லை. யானை சேற்றில் புதைந்து புதைந்து நடந்தது. பின்னால் தடம் நீண்டது. வரப்போரம் ஆறு பெண்கள் தோன்றினார்கள். கையில் ஆயுதம் இல்லை, நாற்றுமுடிதான் இருந்தது. யானையை ஏறிட்டும் பார்க்காமல் வயலில் இறங்கி, தடத்தைக் காலால் நிரவி, நடத் தொடங்கினார்கள். பாதி வயல் தாண்டுவதற்குள் சேறு ஆழமாகி யானை நகர மறுத்தது. வீரையன் பின்வாங்கிக் கரைக்கு வந்து திரும்பிப் பார்த்தார். தடம் இல்லை.

"ஓ" என்றார்.

வேறொரு இடத்தில் இறங்கினார். இப்போது பதினொரு பெண்கள் வந்தார்கள். மூன்றாவது முறை வேகமாக ஓட்டினார். பத்தொன்பது பேர். யானையின் துதிக்கையில் பூதங்களை விரட்டுவதற்கு நெருப்புக் குழல் ஒன்று இருந்தது. அதை அந்தப் பெண்கள் பக்கம் திருப்பினார். குழலில் சேறு புகுந்திருந்ததால் அது வெறுமனே இருமிவிட்டு ஓய்ந்தது. எந்தப் பெண்ணும் திரும்பிப் பார்க்கவில்லை.

கால் மணி நேரம் ஓடிவிட்டது. மங்களாம்பிகை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கலந்தர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஏழாவது முறையாக யானை வயல் நடுவில் நின்றது. வீரையன் விசையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எரிமலைதான் என்று ராஜாத்தி மனசைத் தயார்படுத்திக்கொண்டாள்.

வீரையன் கையை மறுபடி விசைக்குக் கொண்டுபோனார். யானையிலிருந்து இறங்குகிற பொத்தானை அழுத்தினார்.

கவசம் போட்ட வீரன் முழங்கால் சேற்றில் வந்து நின்றான். முன்னால் நட்டுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். நரை கலந்த முடி, இழுத்துச் செருகிய மஞ்சள் சேலை, ஐம்பத்தைந்து வயது முகம். அவனை ஒரு கணம் பார்த்துவிட்டு நாற்றுமுடி ஒன்றை நீட்டினாள்.

அவர் நடத் தொடங்கினார். இடது விசையால் முடியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வலது விசையை அளவாக அழுத்த வேண்டும். மெதுவாக அழுத்தினால் நாற்று மிதந்தது, ஓங்கி அழுத்தினால் ஒடிந்தது. முதல் வரிசை முழுக்க மிதந்தது. மஞ்சள் சேலைக்காரி ஒன்றும் சொல்லாமல் பின்னாலேயே வந்து, அவர் நட்டதையெல்லாம் பிடுங்கிச் சரியாக நட்டாள். வீரையனுக்குக் காது சிவந்துவிட்டது. "அம்மா, இருங்க, இருங்க" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். மூன்றாவது வரிசையில் அவர் நட்ட நாற்று நின்றது. நான்காவதில் மஞ்சள் சேலைக்காரி பின்னால் வருவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நட்டாள்.

தடம் முழுக்கப் பயிரானதும் பெண்கள் வரப்பேறினார்கள். வண்டி போகிற அகலத்துக்கு வயலைச் சுற்றி வளைந்து போகிற வாய்க்கால் கரையை அந்தப் பெண் கைகாட்டினாள். முதலிலிருந்தே அங்கே கிடந்த கரைதான் அது. யானை அதன் வழியாகப் போய் மதகை அடைந்தது. துதிக்கை கதவைத் தூக்கியது. தண்ணீர் நுரைத்துக்கொண்டு இறங்கி, வெடித்துக் கிடந்த கடைமடை நிலத்தில் நாக்கு நாக்காக ஓடியது.

பன்னிரண்டு நிமிடத்தில் முடிய வேண்டிய கட்டத்தை வீரையன் நாற்பத்தெட்டு நிமிடத்தில் முடித்திருந்தார்.

மங்களாம்பிகை முதலில் கைதட்டினார். மனசாரத்தான் தட்டினார். பிறகு நோட்டைத் திறந்தார். "பிரமாதம். ரெண்டே ரெண்டு திருத்தம். ஒண்ணு, நடவு நடறதுக்குப் பொறுமை இல்லாதவங்களுக்குத் தாண்டிப் போற பொத்தான் ஒண்ணு வைக்கணும். ரெண்டு, முன்னாடி வர்ற அந்த அம்மா. அங்க ஒரு இளவரசிய வைங்க. இருபது வயசு, கவசம், கையில வேல். போஸ்டர்ல போடற மாதிரி இருக்கணும்."

கலந்தர் ராஜாத்தியைப் பார்த்தார். இந்த ஒப்பந்தம் போனால் மருந்துக்கடைக்காரரிடம் மாடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான். அவளுக்கும் அது தெரியும். சுவரை விட்டு முன்னால் வந்தாள்.

"முடியாது மேடம்."

"எது முடியாது?"

"ரெண்டும். அந்த எடத்துல இளவரசி கிடையாது. இருந்தது இவங்கதான். இவங்க நட்டாங்க, மெஷின் நின்னுச்சு. நான் கற்பனை பண்ணல. எங்க ஊர்ல நடந்தது. பொத்தானை அழுத்திட்டுத் தாண்டிப் போறதுக்கு அங்க யாருக்கும் வழி இல்ல. மிதிச்சவங்க எறங்கி நடட்டும். அது புடிக்கலன்னா எரிமலைய வேற யாரையாவது வெச்சு வரைஞ்சுக்குங்க."

குரல் நடுங்கவில்லை. நடுங்கும் என்று அவளே நினைத்திருந்தாள்.

மங்களாம்பிகையின் முகம் இறுகியது. கலந்தரிடம் திரும்பினார். "என்ன சார், நீங்களும் அதைத்தான் சொல்றீங்களா?"

கலந்தர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "நான் அந்த வயல்ல நின்னேன் மேடம். ராஜாத்தி சொல்றதுதான் என் பேச்சும்."

அதற்கு மங்களாம்பிகை பதில் சொல்வதற்குள் ஆட்டம் தொடங்குகிற இசை கேட்டது. மூவரும் திரும்பினார்கள். வீரையன் கட்டத்தை முதலிலிருந்து மறுபடி தொடங்கியிருந்தார்.

"வீரையன், முடிஞ்சிடுச்சே. எதுக்கு மறுபடியும்?"

"முடிச்சேன், ஆனா ஏழு தடவ மிதிச்சு முடிச்சேன்" என்றார் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு நாத்துகூடச் சேதமாகாம முடிக்க முடியுதான்னு பாக்கணும். அத முடிக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது."

யானை வயலோரம் வந்து நின்றது. அவர் அதைக் கரையிலேயே நிறுத்தினார். இறங்கினார். குறுக்குவழி தேடி வரப்பில் ஒற்றையடியாக நடந்து பார்த்தார். ஓரிடத்தில் வரப்பு உடைந்து குறுகலாக இருந்தது, அங்கே நின்று யோசித்து, திரும்பி வந்து, முன்பு அந்தப் பெண் கைகாட்டிய வாய்க்கால் கரையையே தேர்ந்தெடுத்தார். அப்புறம் யானையை அங்குலம் அங்குலமாக ஓட்டினார். வளைவில் பின்னங்கால் கொஞ்சம் சறுக்கியபோது, பயிரில் பட்டுவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டார். மதகுக்குப் போய்ச் சேர இருபது நிமிடம் ஆயிற்று. மஞ்சள் சேலைக்காரி வரவே இல்லை. வர வேண்டிய வேலையை அவர் வைக்கவில்லை.

மங்களாம்பிகை நின்றுகொண்டே அத்தனையும் பார்த்தார். நோட்டில் எழுதியிருந்த இரண்டு வரியையும் பேனாவால் அடித்தார். அடித்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அந்த அம்மா பேரு என்ன? போஸ்டர்ல போடணும்" என்றார்.

"பூவம்மாள்" என்றாள் ராஜாத்தி. "எங்கம்மா."

உடனே போனை எடுத்தாள். நான்கைந்து மணி அடித்த பிறகுதான் எடுத்தாள் பூவம்மாள். பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம், தண்ணீர்ச் சத்தம். நடவில் இருந்தாள்.

"அம்மா, ஒன் வயலு பாஸாயிடுச்சு. அமெரிக்கா, ஜப்பான்னு எல்லா ஊருக்காரங்களும் அதுக்குள்ள வரப்போறாங்க."

"அம்மாடி! எல்லா ஊருக்காரங்களுமா? அவங்களுக்கு நம்ம வயலு, வரப்பெல்லாம் என்ன தெரியும்?" பூவம்மாளின் குரலில் நிஜமான கவலை இருந்தது. "பயிர்ல யாரும் எறங்கிட மாட்டாங்களே?"

ராஜாத்தி திரையைப் பார்த்தாள். முழுசாக நின்றுகொண்டிருந்தது பயிர்.

"எறங்க மாட்டாங்கம்மா" என்றாள், அந்த மாடி முழுக்கக் கேட்கும்படி. "எறங்குனா, நட்டுட்டுத்தான் போவாங்க."